கில்ட், ரிமோர்ஸ், ரிக்ரெட், ஷேம்: எல்லாத்துக்கும் 'குற்ற உணர்ச்சி'ன்னே எழுதுனா எப்படி?

லா முடிச்சிட்டு ஜூனியரா சேந்திருக்க தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு. கில்ட், கல்பபிள், லயபிள், ரிக்ரெட், ரிமோர்ஸ், கன்ட்ரிஷன், ஷேம், இதெல்லாம் டிக்‌ஷனரியில எங்க தேடுனாலும் குற்றம், குற்ற உணர்ச்சி, வருத்தம்னு இந்த மூணுக்குள்ளயே சுத்தி சுத்தி வருது, நெசமா என்னண்ணே வித்தியாசம்னு. கூடவே ஒரு ஜட்ஜ்மென்ட்ல "தி அக்யூஸ்டு ஷோட் நோ ரிமோர்ஸ்"னு இருக்காம், அத தமிழ்ல எப்படி எழுதுறதுன்னும் கேட்டாரு. மதுரையில கோர்ட்டு பேப்பர் மொழிபெயர்க்கிறதுதான் எனக்குப் பொழப்பு, கீழ்க்கோர்ட்டுல தமிழ்ல பதிவான சாட்சியத்த அப்பீலுக்காக இங்கிலீஷ்ல மாத்தி டைப்டு செட்டுல வைக்கிறதுக்கு ஒத்தக்கடை ஹைகோர்ட்டு பெஞ்சுப் பக்கம் போற வக்கீலுங்க நம்மகிட்ட குடுப்பாங்க, அதனால இந்த வார்த்தைங்களோட தெனம் மல்லுக்கட்டுறவன்ங்கிற முறையில சொல்றேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும் தம்பி, டீய சொல்லிட்டு உக்காருங்க.

மொதல்ல கில்ட். இங்கிலீஷ்ல இந்த ஒரு வார்த்தை ரெண்டு வேல பாக்குது. ஒண்ணு நெலம, இன்னொண்ணு உணர்ச்சி. நெலமைய அடுத்தவங்க தீர்மானிக்கிறாங்க, கோர்ட்டு, பஞ்சாயத்து, ஊரு, யாரோ ஒருத்தர். உணர்ச்சி அவனவன் நெஞ்சுக்குள்ள நடக்குறது. தமிழ்ல குற்றம் வேற, குற்ற உணர்ச்சி வேறன்னு பிரிச்சே வச்சிருக்கோம், அதனால நமக்கு இது பாதி சுலபம்தான். "ஹி இஸ் கில்ட்டி"ன்னா தீர்ப்பு, "ஹி ஃபீல்ஸ் கில்ட்டி"ன்னா மனசு, ரெண்டும் சேந்துதான் வரணும்னு ஒரு சட்டமும் இல்ல. ஹெல்மெட் போடாம மாட்டுன சில்லறைக் கேஸ்ல கோர்ட்டுக்கு வர்றவங்களப் பாருங்க, நூத்துக்குத் தொண்ணூறு பேரு ஒப்புக்கொள்றேன்னு சொல்லி ஃபைனக் கட்டிட்டு வேலைக்குக் கெளம்பிருவாங்க, சட்டப்படி ப்ளீடு கில்ட்டி, ஆனா மனசுல கில்ட்டு ஒரு பொட்டு கிடையாது, இன்னைக்கு ஒரு நாள் கூலி போச்சேங்கிறதுதான் இருக்கும். அமெரிக்காவுல இத இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோயிருக்காங்க, ஆல்ஃபோர்டு ப்ளீன்னு ஒண்ணு, 1970-ல அந்த ஊர் சுப்ரீம் கோர்ட்டு ஒத்துக்கிட்டது, "நான் பண்ணல, ஆனா கில்ட்டின்னே எழுதிக்கங்க"ன்னு சொல்லலாம், வழக்கு நடந்தா இன்னும் பெரிய தண்டனை வந்துருமோங்கிற பயத்துல சொல்றது. நம்ம காதுக்குக் கூத்தா இருக்கும், ஆனா கில்ட்டிங்கிறது ஒரு நெலம மட்டும்தான்னு புரிஞ்சுக்கிட்டா கூத்து இல்ல.

இப்ப ஒரு கேஸ் வச்சுக்குவோம், கற்பனைதான். நிலக்கோட்டையிலருந்து மல்லிகை மூட்டை ஏத்திக்கிட்டு விடியாத நேரத்துல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஒரு குட்டியானை வருது. பிரேக்கு ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிடிக்குது, டிரைவருக்குத் தெரியும், ஓனருட்டயும் சொல்லியாச்சு, "சீசன் முடியட்டும்டா பாப்போம்"ங்கிறாரு ஓனரு. சமயநல்லூரு தாண்டி, டீக்கடைய விட்டு மொபெட்ட எடுத்த ஒரு பெரியவர் மேல வண்டி ஏறிருது, ஆளு அங்கயே முடிஞ்சுட்டாரு.

எஃப்.ஐ.ஆர்.ல என்ன எழுதுவாங்கன்னு உங்களுக்கே தெரியும், "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து". செக்‌ஷன் பி.என்.எஸ்., அதாவது இப்ப உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 106(1). 2024 ஜூலை 1-க்கு முன்னாடின்னா பழைய இந்திய தண்டனைச் சட்டம், ஐ.பி.சி. 304ஏ, அதுல அதிகபட்சம் 2 வருஷம், இப்ப 5 வருஷம் வரைக்கும் போகலாம். இந்தக் கட்டத்துல டிரைவர் அக்யூஸ்டு, நம்ம கோர்ட்டுத் தமிழ்ல 'எதிரி'. கில்ட்டி இல்ல, இன்னும். செய்திக்காரங்க அன்னைக்கு சாயங்காலமே குற்றவாளின்னு போட்டுருவாங்க, அது தப்பு, கன்விக்‌ஷன் ஆகுற வரைக்கும், அதாவது குற்றம் நிரூபணமாகித் தீர்ப்பு வர்ற வரைக்கும், அந்த வார்த்தைய தொடக்கூடாது. அதே மாதிரி அந்தப் பக்கம், சாட்சி பிறழ்ந்து "சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை"ன்னு வந்துருச்சுன்னா அது நாட் கில்ட்டி, இன்னசென்ட்டுன்னு மொழிபெயர்த்துறாதீங்க. இன்னசென்ட்டுன்னா பண்ணவே இல்ல. நாட் கில்ட்டின்னா பண்ணுனான்னு நிரூபிக்க முடியல. ஸ்காட்லாந்துல இந்த இடைவெளிக்குன்னே "நாட் ப்ரூவன்"னு மூணாவதா ஒரு தீர்ப்பு ரொம்ப காலம் வச்சிருந்தாங்க, அப்படி வெளிய வர்ற ஆள ஊரு எப்படிப் பாத்திருக்கும்னு யோசிச்சுக்கங்க.

கல்பபிள்னா வேற. லத்தீன்ல கல்பான்னா தப்பு, பழி. கோர்ட்டு சொன்னாலும் சொல்லாட்டியும் அந்தத் தப்புக்கு ஆளாங்கிறதுதான் இங்க கேள்வி, அதுல கூடக் கொறையும் உண்டு. கில்ட்டிக்கு நம்ம கோர்ட்டுல ஆமா இல்லன்னு ரெண்டே பதில்தான், ஆனா மோர் கல்பபிள் லெஸ் கல்பபிள்னு தாராளமா எழுதலாம். பிரேக்கு போச்சுன்னு தெரிஞ்சே வண்டிய எடுத்த டிரைவர் கல்பபிள், வேல போயிருமேன்னு எடுத்தான்னா கொஞ்சம் கம்மி, ரெண்டு தடவ சொல்லியும் சரிபண்ணாத ஓனரு அவனவிட ஜாஸ்தின்னு நான் சொல்வேன், ஆனா எஃப்.ஐ.ஆர்.ல பெரும்பாலும் ஓனர் பேரு எதிரியா வராது. ஜூனியருங்க வழுக்குற எடம் ஒண்ணு இங்க இருக்கு. கல்பபிள் ஹோமிசைடுன்னு பி.என்.எஸ். 100-ல இருக்கே, அது சட்டம் தனியா வரையறுத்து வச்ச சொல்லு, கொல்லணும்ங்கிற நோக்கமோ, சாவு வரலாம்ங்கிற அறிவோ இருக்கணும். நம்ம டிரைவர் சாதாரணப் பேச்சுல கல்பபிள்தான், அதுக்காக அவன் பண்ணுனது கல்பபிள் ஹோமிசைடு ஆயிறாது. குடிச்சிட்டு ஓட்டி ஆளக் கொன்ன கேஸ்ல 2012-ல சுப்ரீம் கோர்ட்டு ஐ.பி.சி. 304 ரெண்டாம் பகுதிய, அதாவது கொலை அளவுக்குப் போகாத கல்பபிள் ஹோமிசைட, வச்சது, அந்த 'அறிவு' இருந்துச்சுன்னுதான். அதனால தமிழ்ல எழுதும்போது சட்டப் பிரிவா, கொலை அளவுக்குப் போகாததா வந்தா "கொலையாகாத மரணம் விளைவித்தல்", சும்மா பேச்சா வந்தா "பழி இவன் மேலதான்", இந்த ரெண்டையும் கலக்காதீங்க.

லயபிள்ல தப்புங்கிற பேச்சே இல்லாமக்கூட இருக்கலாம். கட்டுப்பட்டவர்னு அர்த்தம், பெரும்பாலும் காசு கட்டக் கட்டுப்பட்டவர். மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவுல, யாரு மேல தப்புன்னு நிரூபிக்காமலே செத்தவங்க குடும்பத்துக்கு 5 லட்சம், கொடுங்காயம்னா 2.5 லட்சம், வண்டி ஓனரோ இன்சூரன்ஸோ குடுத்தாகணும். இன்சூரன்ஸ் கம்பெனி அந்த நேரத்துல அங்க இல்லவே இல்ல, அவங்களப் போயி யாரு கில்ட்டின்னு சொல்வா, ஆனா லயபிள். ரெஸ்பான்சிபிள், அக்கவுண்டபிள் இதுங்களும் இந்தப் பக்கத்துச் சொந்தம்தான், பதில் சொல்ல வேண்டிய ஆளு யாருங்கிறதுதான் அங்க பேச்சு. 1956 நவம்பர்ல அரியலூர் பக்கம் மருதையாத்துப் பாலம் வெள்ளத்துல போயி தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவுந்தப்ப ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா பண்ணுனாரே, அவரு கில்ட்டியும் இல்ல கல்பபிளும் இல்ல, அக்கவுண்டபிள் நான்தான்னு நின்னாரு. அந்த மாதிரி ஆளுங்கள இப்ப தேட வேண்டியிருக்கு, அது வேற கத.

சரி, வெளிய இருந்து ஒட்டுற வார்த்தைங்க முடிஞ்சுது, இனி உள்ளுக்குள்ள.

ரிக்ரெட்டு இருக்குறதுலயே இளக்கமான வார்த்தை. இப்படி நடக்காம இருந்திருக்கலாமேன்னு நெனைக்கிற எதுவும் ரிக்ரெட்டுதான், தப்பு பண்ணியிருக்கணும்னு இல்ல. கே.கே.நகர்ல அன்னைக்கே ஒரு சென்ட்டு வாங்கிப் போட்டிருக்கலாம்ங்கிறதும் ரிக்ரெட்டு, அப்பா போறதுக்கு முன்னாடி ஒரு தடவ போயிப் பாத்திருக்கலாம்ங்கிறதும் ரிக்ரெட்டு. அந்த டீக்கடைக்காரர், "இன்னொரு டீ குடிச்சுட்டுப் போங்கன்னு சொல்லியிருந்தா பெரியவரு பொழச்சிருப்பாரே"ன்னு பொலம்புவாரு பாருங்க, அதுக்கும் இதே வார்த்தைதான், அவரு மேல ஒரு பழியும் இல்ல. இப்படிப் பழிய ஒத்துக்காத வார்த்தையா இருக்குறதாலதான் அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் இது ரொம்பப் பிடிக்கும். 2019 ஏப்ரல்ல, ஜாலியன்வாலாபாக் நடந்து நூறு வருஷம் ஆகப் போற சமயத்துல, பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே பார்லிமென்ட்ல அது வெக்கக்கேடான வடுன்னு சொன்னாங்க, ஆழ்ந்த ரிக்ரெட்டுன்னும் சொன்னாங்க, அப்பாலஜிங்கிற வார்த்தைய மட்டும் வாயில வர விடல. அங்கயே எதிர்க்கட்சி எந்திரிச்சு முழு மன்னிப்பு கேளுங்கன்னாங்க. ரெண்டுக்கும் நடுவுல அவ்வளவு இருக்கு. நம்ம பேப்பருங்கள்ல ரெண்டையும் சில நேரம் 'வருத்தம் தெரிவித்தார்'னு ஒரே கணக்குல போட்டுர்றாங்க, எனக்கு அதப் பாத்தாலே கடுப்பு.

இந்த எடத்துல இன்னொண்ணு இருக்கு, என்னக் கேட்டா மொத்தப் பட்டியல்லயும் இதுதான் ருசியான எடம். நம்ம குட்டியானைக்கு பிரேக்கு பக்காவா இருந்துச்சுன்னு வைங்க, டிரைவர் நாப்பதுலதான் வந்தான், பெரியவர்தான் பாக்காம குறுக்க திருப்பிட்டாரு. ஒரு தப்பும் இல்ல, கேஸும் நிக்காது. ஆனா அவனால தூங்க முடியுமா? சோத்துல கை வைக்க முடியாது, ஸ்டியரிங்கப் பிடிச்சா கை நடுங்கும், துக்க வீட்டுக்குப் போறதா வேணாமான்னு அல்லாடுவான். டீக்கடைக்காரர் வருத்தமும் இவன் வருத்தமும் ஒண்ணு இல்ல, ஏன்னா இவன் கையால நடந்தது. பெர்னார்டு வில்லியம்ஸ்னு ஒரு இங்கிலீஷ் தத்துவப் பேராசிரியர், அவரும் இதே மாதிரி லாரி டிரைவரத்தான் உதாரணம் சொல்லி இதுக்கு ஏஜென்ட் ரிக்ரெட்டுன்னு 1976-ல பேரு வச்சாரு. அவரு சொன்னதுல சூட்சுமமான விஷயம், நாம எல்லாரும் அவன்கிட்ட போயி "உன் மேல தப்பு இல்லப்பா"ன்னு தேத்துவோம், தேத்தத்தான் வேணும், ஆனா அவன் ஒடனே "ஆமால்ல, என் தப்பு இல்லல்ல"ன்னு எந்திரிச்சு அடுத்த லோடுக்குக் கெளம்பிட்டான்னா நமக்கே அவன் மேல ஒரு மாதிரி ஆயிரும். குற்றம் இல்லாத எடத்துலயும் இந்த உணர்ச்சிய எதிர்பாக்குறோம். கொரோனாவுல வீட்டுல ஒருத்தரப் பறிகொடுத்துட்டு தான் மட்டும் பொழச்சவங்க நெறயப் பேருக்கு இருந்துச்சே, சர்வைவர் கில்ட்டு, அதுவும் இதுக்குப் பக்கத்து வீடு. அதுல இவங்க கையால எதுவும் நடக்கவே இல்ல, நான் மட்டும் ஏன் மிஞ்சுனேன்ங்கிறது மட்டும்தான்.

ரிமோர்ஸ்ல பழி உண்டு. பிரேக்கு போனது தெரிஞ்சே எடுத்தேனேன்னு உள்ள போட்டு வாட்டுறது. லத்தீன் மூலத்துல 'திரும்பக் கடிக்கிறது'ன்னு அர்த்தம், அது ஒரு தடவையோட விடாதுங்கிறது அந்த வார்த்தையிலயே இருக்கு. கில்ட்டு உணர்ச்சிக்கும் இதுக்கும் என்னன்னு கேப்பீங்க. கில்ட்டு ஃபீலிங்கு சின்ன விஷயத்துக்கும் வரும், சுகர் வச்சுக்கிட்டு விளக்குத்தூண் பக்கம் போயி ஜிகர்தண்டா குடிச்சிட்டு கில்ட்டியா இருக்குங்கலாம், ரிமோர்ஸா இருக்குன்னா சிரிப்பாங்க. அதோட கில்ட்டுல என்னப் பத்துன கவலையும் கலந்திருக்கும், மாட்டிக்குவேனோ, என்ன நெனைப்பாங்களோன்னு. ரிமோர்ஸ்ல கண்ணு முழுக்க அந்த அடிபட்ட ஆளு மேல இருக்கும். தண்டனை போடும்போது ஜட்ஜுங்க ரிமோர்ஸ் இருக்கான்னு பாக்குறது இதுக்குத்தான், மாட்டுனதுக்கு அழுகுறானா செஞ்சதுக்கு அழுகுறானான்னு. எப்படிக் கண்டுபிடிப்பாங்கன்னா, அது அவங்கவங்க அனுபவம்.

கம்பங்ஷன் சின்ன முள்ளுக் குத்து, நம்ம 'உறுத்தல்'. பெரும்பாலும் இல்லைன்னு சொல்லத்தான் வரும், வித்தவுட் கம்பங்ஷன்னு, "கொஞ்சங்கூட உறுத்தல் இல்லாம". செய்யிறதுக்கு முன்னாடியும் உறுத்தலாம், செஞ்சப்புறமும் உறுத்தலாம். குவாம், ஸ்க்ரூப்பிள் ரெண்டும் செய்யிறதுக்கு முன்னாடி வர்ற தயக்கம், அத்தோட விடுங்க.

கன்ட்ரிஷனும் ரிப்பென்டும் கோயில் வாசல்ல இருந்து வந்த வார்த்தைங்க. கன்ட்ரைட்னா மூலத்துல அரைச்சு நொறுக்கப்பட்டதுன்னு அர்த்தம், மனசு நொறுங்கி கடவுள் முன்னாடி நிக்கிறது. கத்தோலிக்கத்துல இதுக்குப் பெரிய வாதமே உண்டு, 1551-ல ட்ரென்ட் சங்கம்னு ஆயர்கள் கூடுன சபையில எழுதியே வச்சாங்க, கடவுள் மேல உள்ள அன்பால வருந்துனா அது முழுசான கன்ட்ரிஷன், நரகத்துக்குப் பயந்து வருந்துனா அது கொறஞ்சது, அதுக்கு அட்ரிஷன்னு தனிப் பேரு. நம்ம ஊர்ல பூச படிச்சு வளந்தவங்களுக்குத் தெரியும், பாவசங்கீர்த்தனம் பண்றப்ப சொல்றது 'உத்தம மனஸ்தாப மந்திரம்', அந்த 'உத்தம' இந்த வாதத்துலருந்து வந்ததுதான். ரிப்பென்டுல வருத்தத்தோட நிக்காது, திரும்பி வேற வழி நடக்கணும், தமிழ் பைபிள்ல 'மனந்திரும்புங்கள்'னு போட்டது அருமையான வார்த்தை. யூதாஸ் காட்டிக் குடுத்துட்டு அப்புறம் காசத் திருப்பிக் கொண்டுவர்ற எடத்துல மத்தேயு வேற கிரேக்கச் சொல்லப் போட்டிருக்காரு, பழைய இங்கிலீஷ் பைபிள்ல அங்கயும் ரிப்பென்டுன்னே எழுதிட்டாங்க, நம்மாளுங்க 'மனஸ்தாபப்பட்டு'ன்னு பிரிச்சுக் காட்டிட்டாங்க. வருந்துனான், திரும்பல. இந்த ஒரு எடத்துல தமிழ் ஜெயிச்சிருச்சு.

ஷேம். கில்ட்டுன்னா "ச்சே, இப்படிப் பண்ணிட்டேனே". ஷேம்னா "ச்சீ, நான் இப்படிப்பட்ட ஆளா". ஒண்ணு செயல் மேல, இன்னொண்ணு ஆளு மேல, ஹெலன் பிளாக் லூயிஸ்னு ஒரு சைக்காலஜி அம்மா 1971-லயே இதத் தெளிவாப் பிரிச்சாங்க. கில்ட்டு வந்தவன் போயி சரிபண்ணப் பாப்பான், ஷேம் வந்தவன் மூஞ்சிய மறைக்கப் பாப்பான், ஊரவிட்டே போவான். அடுத்தவன் பாத்தாத்தான் ஷேம், தனியா இருந்தா கில்ட்டுன்னு சில பேரு சொல்றது பாதிதான் சரி, தனியா கண்ணாடி முன்னாடி நின்னும் கூனிக் குறுகலாம். தமிழ்ல வெக்கம்னு போட்டா கல்யாணப் பொண்ணு வெக்கமும் அதுதான், அதனால எடத்தப் பாத்து அவமானம், தலகுனிவு, நாணம்னு மாத்திக்கணும். பொற்கைப் பாண்டியன் கதையில இந்த ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும். ராஜா நகர்வலம் போறப்ப கீரந்தைங்கிறவன் வீட்டுல ஆம்பளக் குரல் கேட்டுக் கதவத் தட்டிட்டான், உள்ள புருஷன்தான் திரும்பி வந்திருக்கான், அந்தம்மா மேல சந்தேகம் வந்து அவமானம் ஆயிறக் கூடாதுன்னு தெருவுல எல்லாக் கதவையும் தட்டிட்டுப் போயிட்டான்னு கதை. மறுநாள் தட்டுனவனுக்கு என்ன தண்டனைன்னு கேட்டு, கைய வெட்டணும்னதும் தன் கையையே வெட்டிக்கிட்டான். அவமானம் அந்தம்மாவுக்கு வர இருந்தது, அதத் தடுத்துட்டு குற்றத்தத் தான் எடுத்துக்கிட்டான்.

நெடுஞ்செழியன் கேஸ விட்டுட்டு மதுரைக்காரன் எப்படி முடிக்கிறது. "யானோ அரசன் யானே கள்வன்"ங்கிறான். சட்டப்படி பாத்தா தப்பு, கள்வன் பொற்கொல்லன், திருட்டுல ராஜா நாட் கில்ட்டி. ஆனா கல்பபிளான்னு பாக்க அவன் போட்ட ஆர்டரப் படிங்க, சிலம்பு "கள்வன் கையது ஆகின் கொன்று அச்சிலம்பு கொணர்க". கையில இருந்தா கொல்லு, அவ்வளவுதான், எப்படி வந்துச்சுன்னு கேக்கச் சொல்லல, கோவிச்சுக்கிட்டுப் போன ராணியச் சமாதானம் பண்ணப் போற அவசரம். கல்பபிள், சந்தேகமே இல்ல. அந்த "கெடுக என் ஆயுள்" ரிமோர்ஸா ஷேமான்னு கேட்டா, தென்புலங் காவல் என்னாலதான் பிழைச்சுதுங்கிறான் பாருங்க, தான் யாருங்கிறதே ஒடஞ்சு போச்சுங்கிறான், நான் ஷேம் பக்கம்தான் சாய்வேன். ரிமோர்ஸ்னா எதுக்க நிக்கிற கண்ணகிக்கு ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பான். இதுல என்னோட சண்டை போட ஆளு வருவாங்கன்னு தெரியும், வரட்டும்.

இப்ப தம்பியோட அந்த வரி. ரிமோர்ஸுக்குத் தமிழ்ல வார்த்தையே இல்லையான்னா இருந்துச்சு, ஒண்ணுக்கு மூணா இருந்துச்சு, பொழங்கிப் பொழங்கி வேற பக்கம் போயிருச்சு. பச்சாதாபம், வடமொழியில அதுக்கு 'பின்னால வர்ற வேக்காடு', சுத்தமான ரிமோர்ஸ், இன்னைக்கு நாம அத அடுத்தவன் மேல பரிதாபப்படுறதுக்குச் சொல்றோம். அனுதாபம், அதுவும் அங்க செஞ்சதுக்கு வருந்துறதுதான், இங்க துக்கவீட்டு ஃபிளெக்ஸுல 'ஆழ்ந்த அனுதாபங்கள்'. மனஸ்தாபம், பூசையில மட்டும் பழைய அர்த்தம் மிச்சம், வெளிய வந்தா "மச்சானுக்கும் எனக்கும் கொஞ்சம் மனஸ்தாபம்". அதனால "எதிரி பச்சாதாபம் காட்டவில்லை"ன்னு எழுதுனீங்கன்னா அடிபட்டவன் மேல இரக்கம் இல்லன்னு படிப்பாங்க, ஜட்ஜு சொன்னது அது இல்ல. 'குற்ற உணர்ச்சி இல்லை'யும் கொஞ்சம் மெலிசு. நான் "தான் செய்த செயலை எண்ணி எதிரி சிறிதும் வருந்தியதாகத் தெரியவில்லை"ன்னு எழுதுவேன், நீளம்தான், ஆனா 'தான் செய்த'வும் வேணும், 'தெரியவில்லை'யும் வேணும், ஷோட்னுதானே ஜட்ஜு எழுதியிருக்காரு, உள்ள என்ன இருக்குன்னு அவரும் சொல்லல. சீனியர் சுருக்கச் சொன்னாருன்னா 'மனம் வருந்தவில்லை'ன்னு மாத்திக்கங்க, பச்சாதாபம் மட்டும் வேணாம்.